கினோவா அவருக்கு, சோறு எனக்கு

கள்ளக்குறிச்சி டாக்டர் என் இடது காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்து, நூல் மாதிரி ஒன்றால் விரல் விரலாகத் தொட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார். தெரிகிறதா, தெரிகிறதா என்று. மூன்று விரலுக்குத் தெரிந்தது. சுண்டுவிரலையும் அதன் பக்கத்து விரலையும் அவர் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. சுண்டுவிரல் ஓரத்தில் செருப்புக் கடித்த புண் ஒன்று இருபது நாளாக ஆறாமல் இருந்தது. இது ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றார். நீங்கள் நர்ஸ்தானே அம்மா, உங்கள் சர்க்கரையை நீங்கள் பார்த்துக்கொள்ள மாட்டீர்களா என்றும் கேட்டார். அன்றைக்கு எனக்கு எல்லார்மேலும் கோபம் வந்தது. அவர்மேல் மட்டும் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

கல்வராயன் மலையில் நான் கிராம சுகாதார செவிலியர். வீடு தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். விடிந்தும் விடியாமலும் ஒரு பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி, அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலை பஸ், இறங்கிய பிறகு நடை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்கு மாத்திரை, வயதில் மூத்தவர்களுக்கு விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது எல்லாம் என் வேலை. ஊசி என்றதும் காட்டுப் பக்கம் ஓடுகிறவர்களைக்கூட விரட்டிப் பிடித்துக் குத்தியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஒன்றரை வருஷமாகத் தன் விரலில் ஒரு தடவைகூடக் குத்திக்கொள்ளவில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கே நம்ப முடியவில்லை.

எல்லாம் என் வீட்டுக்காரரின் சர்க்கரையில் ஆரம்பித்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கரும்பு வெட்டு முடிந்த கையோடு அவருக்குக் குடலிறக்கம் என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று போனோம். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கிறது, குறைத்துக்கொண்டு வாருங்கள், அப்புறம் கத்தி வைக்கிறோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாத்திரையோடு ஒரு தாளும் கொடுத்தார்கள். வெள்ளைச் சோற்றைக் குறைக்கவும், சாமை, தினை, கேழ்வரகு, கினோவா சாப்பிடலாம் என்று அதில் அச்சடித்திருந்தது.

சாமைக்கு நான் எங்கே போய்த் தேட வேண்டும். மலையில் நான் வேலை பார்க்கும் சென்டருக்கு எதிர்க் களத்திலேயே காய்கிறது. மறுநாளே ஒரு வீட்டில் சொல்லிவைத்துச் சுத்தமாகப் புடைத்த சாமை வாங்கிவந்து, குழையாமல் ஆக்கி, சூடாகப் போட்டேன். அவர் ஒரு வாய் வைத்தார். தட்டைத் தள்ளிவிட்டார். மலைக்காரர்கள் தின்பதையெல்லாம் கொண்டுவந்து என் தட்டில் கொட்டுகிறாயா என்று கேட்டார். என் மாமியார் அதற்கும் ஒரு படி மேலே போனார். களை எடுக்க வருகிற பெண்களே தூக்கில் வெள்ளைச் சோறு கொண்டுவருகிற காலத்தில், கிணறும் நிலமும் உள்ளவன் சாமை தின்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்பது அவர் கவலை. அந்தச் சாமையை விளைவிக்கிறவர்கள் வீட்டில்தான் நான் தினமும் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறேன். அவர்கள் பிள்ளைகளை என் மடியில் போட்டுத்தான் ஊசி குத்துகிறேன். எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பேசினால் ஆபரேஷன் ஆகப்போகிற மனுஷனோடு மல்லுக்கு நிற்கிறாள் என்பார்கள்.

பெங்களூரில் இருக்கும் என் மகளுக்கு விஷயம் போயிற்று. ஒரே வாரத்தில் கூரியரில் கினோவா வந்தது. வழவழப்பான பாக்கெட். முன்பக்கத்தில் ஏதோ ஒரு தேசத்து மலையின் படம். அந்த மலைக்கு மட்டும் எங்கள் வீட்டில் மரியாதை கிடைத்துவிட்டது. என் வீட்டுக்காரர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமியார் அதை எலி போகாத அலமாரியில், முந்திரி வைக்கிற டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

மகள் போனில் விவரமாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். நுரை போகும்வரை நாலைந்து தண்ணீரில் கழுவு, இல்லாவிட்டால் கசக்கும். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் வை. மூடி போட்டுச் சின்ன தீயில் பதினைந்து நிமிஷம். காது கேட்டுக்கொண்டது, கை கேட்டுக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் சோறு வடித்த கை அது. பானை நிறையத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, கினோவாவைக் கொட்டி, வெந்ததும் மூடியைச் சாத்தித் துணியால் இறுகப் பிடித்துச் சாய்த்தேன். கஞ்சியோடு சேர்ந்து பாதிக் கினோவா மூடியின் இடுக்கு வழியாக இறங்கிப் போய்விட்டது. மீதியைத் தட்டில் போட்டேன். கினோவா வெந்தால் ஒவ்வொரு மணியிலிருந்தும் வெள்ளையாக ஒரு சின்ன வால் சுருண்டு வெளியே வரும். அது அதன் முளை. எங்களுக்கு யார் சொன்னார்கள். மாமியார் குனிந்து பார்த்துவிட்டு, "புழு வச்சிக்கீதுடி" என்றார். நானும் பார்த்தேன். எனக்கும் புழுவாகத்தான் தெரிந்தது. வழியிலேயே கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவுகட்டி, அவ்வளவையும் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கொட்டினேன். கோழிகள்தான் அன்றைக்குக் கினோவா சாப்பிட்டன. மகளிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் அவளுக்கே புரையேறிவிட்டது.

அதற்குப் பிறகு பழகிவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல தானியம்தான். கழுவும்போது சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைக்கும். அது அடங்கும்வரை பொறுமையாக அலச வேண்டும். வெறும் சட்டியில் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் உதிரி உதிரியாக வரும். கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி போட்டு உப்புமா மாதிரி கிண்டுவேன். முருங்கைக்கீரையை உருவி, பூண்டு தட்டிப் போட்டுக் கடைசியில் தேங்காய்ப்பூ தூவுவேன். எலுமிச்சம்பழம் பிழிந்து, வேர்க்கடலை தாளித்துக் கொட்டுவேன். கத்தரிக்காய்க் காரக்குழம்புக்கு அது சோற்றைவிடப் பொருத்தமாக இருக்கிறது என்று என் வீட்டுக்காரரே சொன்னார். உளுந்தோடு சேர்த்து அரைத்துத் தோசைகூட வார்த்தேன்.

உப்புப் பார்ப்பதற்கு உள்ளங்கையில் கொஞ்சம் போட்டு வாயில் போட்டுக்கொள்வேன். பல்லுக்கு நடுவில் ஒவ்வொரு மணியாக வெடிக்கும். வறுத்த வேர்க்கடலையின் வாசனை லேசாக வரும். இன்னும் ஒரு வாய் போட்டுக்கொள்ளலாம் என்று நாக்கு கேட்கும். போட்டுக்கொண்டதில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது அவருடையது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். ஒன்றரை வருஷத்தில் நான் சாப்பிட்ட கினோவா எல்லாம் சேர்த்து ஒரு தட்டு வராது.

இனிமேல்தான் எனக்கு வயிறு எரிகிற கதை வருகிறது.

எங்கள் வீட்டில் உலையில் போடும் அரிசிக்கு ஆளுக்கு ஓர் ஆழாக்கு என்று கணக்கு. அரிசி டிரம்முக்குள் அளப்பதற்கு ஒரு பித்தளை ஆழாக்கு கிடக்கும். வீட்டில் நாங்கள் மூன்று பேர், ஆக மூன்று ஆழாக்கு. காலையில் ஒரு உலை, சாயங்காலம் ஒரு உலை. அவர் கினோவாவுக்கு மாறிய முதல் நாள் காலையில் நான் இரண்டு ஆழாக்கு போட்டுவிட்டு டிரம்மை மூடினேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது. சாப்பிடாத ஆளுக்கு எதற்கு அரிசி. பின்னாலேயே நின்றிருந்த மாமியார் மூடியைத் திறந்து, இன்னொரு ஆழாக்கை அள்ளி என் பாத்திரத்தில் கொட்டினார். கை நடுங்கியது அவருக்கு.

"உசுரோட கீறவனுக்கு அரிசிய நிறுத்துவாங்களாடி. காரியம் முடிஞ்ச வூட்லதான் ஆழாக்கு கொறையும்."

அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துபோனால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்தான் உலையில் அவர் பங்கை நிறுத்துவார்கள். என் மாமனார் போனபோது அந்தப் பதினாறு நாளும் அவருக்கும் சேர்த்து அரிசி போட்டதை நான் பார்த்திருக்கிறேன். பதினேழாம் நாள் மாமியார் டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்து, ஆழாக்கைக் கையில் வைத்துக்கொண்டு அழுததையும் பார்த்திருக்கிறேன். அதனால் அன்றைக்கு மூன்று ஆழாக்கையும் களைந்து உலையில் போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் உள்ளுக்குள் திக்கென்று இருந்தது. ஆபரேஷன் டேபிளில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், படித்த திமிரில் உயிரோடு இருக்கிறவன் அரிசியை நிறுத்தினாள் என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். சொல்லிக் காட்டுவது இருக்கட்டும், எனக்கே அப்படித் தோன்றிவிட்டால் என்ன செய்வேன்.

ஆக அவருக்குக் கினோவாவும் வெந்தது, அவர் பங்குச் சோறும் வெந்தது. அந்தச் சோற்றை யார் சாப்பிடுவது. மாமியாருக்குத் தன் சோறே பாதி மீந்துவிடும். மாட்டை விற்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது. களை எடுக்க வருகிற ஒரு பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துவைத்தேன். பிள்ளை பங்கு வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று மாமியார் தடுத்துவிட்டார். நாய்க்குப் போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. புருஷன் பங்கைப் பொண்டாட்டி சாப்பிட்டால் அது வீட்டுக்குள்ளேயே இருந்தமாதிரி என்று அவரே வழியும் சொல்லிவிட்டார். என் டிபன் பாக்ஸ் பெரியதாயிற்று. காலை உலையில் மீந்தது தயிர் ஊற்றிப் பிசைந்து என்னோடு மலை ஏறும். சாயங்கால உலையில் மீந்ததைத் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் விடியற்காலையில் ஒரு பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு ஓடுவேன்.

மூன்று மாதத்தில் அவர் சர்க்கரை இறங்கியது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் எல்லாம் மாமியார் அலமாரியைத் திறந்து பாக்கெட்டைக் காட்டினார். பேத்தி அனுப்பியது, அதுதான் என் பிள்ளையைக் காப்பாற்றியது என்றார். வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அதை நாலு தண்ணீரில் அலசி, இரண்டு வகையாகச் சமைத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடியவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைக் காப்பி போடச் சொன்னார்கள். போட்டேன்.

ஆபரேஷன் முடிந்தது, அப்புறமாவது அந்த ஆழாக்கை நிறுத்தியிருக்கலாம். சர்க்கரை திரும்ப ஏறிவிடும் என்று கினோவா நிற்கவில்லை. கினோவா நிற்காததால் சோறும் நிற்கவில்லை. பழகிவிட்டது. எதற்குத்தான் பழகவில்லை இந்த உடம்பு.

மலை பஸ்ஸில் நாக்கு வறண்டு போகும். வெயில் என்று நினைத்தேன். பாதி வழியில் எங்கேயாவது பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஒதுங்க வேண்டியிருக்கும். வயசு என்று நினைத்தேன். இதையே மலையில் ஒருத்தி வந்து சொல்லியிருந்தால், உட்காரம்மா என்று சொல்லி அந்த நிமிஷமே விரலைக் குத்தியிருப்பேன். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகள் போன் செய்வாள். அப்பாவுக்குச் சுகர் எவ்வளவு என்று கேட்பாள். நான் சொல்வேன். நல்லது அம்மா, அப்படியே பார்த்துக்கோ என்பாள். அவள்மேல் குறை சொல்ல மாட்டேன் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். சொல்லத்தான் தோன்றுகிறது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள். சென்டரில் கர்ப்பிணிகளுக்கு ரத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பிரசவத்துக்கு நிற்கும் ஒரு பெண்ணுக்கு ரத்தம் ரொம்பக் குறைவாக இருந்தது. மாத்திரை கொடுக்கிறேனே, சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். சாப்பிடுகிறேன் என்றாள். சோறு எப்போது சாப்பிடுகிறாய் என்றேன். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மீந்ததைச் சாப்பிடுவேன் என்றாள். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். படம் போட்ட அட்டையை எடுத்து அவள் முன்னால் விரித்து வைத்து, அரை மணி நேரம் திட்டித் தீர்த்தேன். மீந்ததைத் தின்பதற்கு நீ என்ன குப்பைத் தொட்டியா, முதலில் நீ உட்கார்ந்து சாப்பிடு, யார் என்ன சொன்னாலும் சாப்பிடு என்றேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். மற்றவர்கள் மழைக்கு முன்னால் போய்விட்டார்கள். அவள் மட்டும் மழையில் மாட்டிக்கொண்டு சென்டரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பசித்தது. டிபன் பாக்ஸைத் திறந்தேன். அவளுக்கும் ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தேன். பெரிய பாக்ஸைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சோறா என்று கேட்டாள். வீட்டுக்காரர் சோறு சாப்பிடுவதில்லை, அவருக்குச் சர்க்கரை, அவர் பங்கும் என் தலையில்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு வாய் சாப்பிட்டாள். என் காலைப் பார்த்தாள். செருப்புக் கடித்த இடத்தில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தேன், காலையிலிருந்து நொண்டிக்கொண்டுதான் இருந்தேன்.

"நர்சம்மா, அப்ப நீங்களும் மீந்ததத்தான துன்றீங்க" என்றாள். மேஜைமேல் இருந்த சர்க்கரை பார்க்கும் மெஷினைக் காட்டி, "எங்க வெரல எல்லாம் குத்துறீங்க. ஒங்க வெரல்ல ஒருவாட்டி குத்துங்க" என்றாள்.

நான் இடக்காகத்தான் குத்திக்கொண்டேன். இவளுக்குக் காட்டுகிறேன் பார் என்று. மெஷின் ஐந்து நொடி யோசிக்கும். அப்புறம் எண் காட்டும். என் வீட்டுக்காரரைக் கத்தி வைக்க முடியாது என்று திருப்பி அனுப்பியபோது அவருக்கு எவ்வளவு இருந்ததோ, அதற்கும் மேலே காட்டியது. ஸ்ட்ரிப் கெட்டுப்போயிருக்கும் என்று இன்னொன்றை எடுத்துக் குத்தினேன். அதுவும் அதையேதான் சொன்னது. அவளுக்கு எண் படிக்கத் தெரியாது. என் முகத்தைப் படித்துவிட்டாள். தட்டை வைத்துவிட்டு எழுந்துவந்து, என் பாக்ஸில் மீதி இருந்த தயிர்சோற்றை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்ற ஆட்டுக்குக் கொட்டினாள். அவள் என்னைக் கேட்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

மறுநாள் என் வீட்டுக்காரர்தான் பைக்கில் வைத்துக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனார். கெட்ட மனுஷன் இல்லை. டாக்டர் விரலை எடுப்பதைப் பற்றிச் சொன்னபோது அவர் முகமும் வெளுத்துத்தான் போயிற்று. ஆனால் சாயங்காலம் வீட்டில் மாமியார் கேட்டதும், நிதானமாகத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணும் இல்ல, சுகர் கொஞ்சம் ஜாஸ்தி. சோத்த கம்மி பண்ணிக்கினா சரியாப் பூடும்" என்றார். அவர் தட்டில் முருங்கைக்கீரை போட்ட கினோவா. நான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"எந்தச் சோத்தைங்க கம்மி பண்றது" என்று கேட்டேன். "என்னுதயா, உங்களுதயா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். புரியவில்லை என்று நினைத்தேன். புரிந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எனக்கும் கொஞ்சம் கினோவா போட்டுக்கொள்கிறேன் என்று ஒரு தட்டை எடுத்தேன். பாக்கெட்டில் கம்மியாகத்தான் இருக்கிறது, பெண் அடுத்த மாசம்தான் அனுப்பும் என்று வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். கள்ளக்குறிச்சி டிபார்ட்மென்ட் ஸ்டோரில் கார்ன்ஃபிளேக்ஸுக்குப் பக்கத்திலேயே கினோவா அடுக்கி வைத்திருக்கிறார்கள். தினமும் இரண்டு வேளை அந்தக் கடையைத் தாண்டித்தான் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன். சம்பளம் என் பெயரில்தான் வருகிறது. எனக்கென்று ஒரு பாக்கெட் வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவர்மேல் வந்த கோபத்தில் பாதி அங்கேயே என் பக்கம் திரும்பிவிட்டது. அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து, ஒரு தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டாலும் ருசியாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்தேன். மாமியார் வழக்கம்போல் பின்னால் நின்றார். ஓர் ஆழாக்கு அள்ளிப் போட்டு, இது அவருக்கு என்றேன். இன்னொன்று அள்ளிப் போட்டு, இது உங்களுக்கு அத்தை என்றேன். ஆழாக்கை டிரம்முக்குள் வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். உயிரோடு இருக்கிறவளுக்கு அரிசியை நிறுத்துவாங்களாடி என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால், சத்தியமாக, சர்க்கரையாவது ஒன்றாவது, மூன்றாவது ஆழாக்கையும் போட்டிருப்பேன். அவர் குனிந்து என் கையை விலக்கிவிட்டு டிரம்மை மூடினார். தண்ணி கொதிக்குது பார் என்றார்.

முப்பது வருஷம் அந்த வீட்டில் உலை வைத்திருக்கிறேன். அன்றைக்கு அடுப்படியில் நின்றுகொண்டு எனக்கு வந்த ஆத்திரத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. போனில் மகளிடம் மட்டும் சர்க்கரை வந்த விஷயத்தைச் சொன்னேன். ஏம்மா முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டாள். நீ கேட்கவில்லையே என்றேன்.

அவர் பங்குச் சோற்றை நான் தொடவில்லை. முதல் நாள் அது பானையிலேயே இருந்தது. மாமியார் தண்ணீர் ஊற்றி வைத்தார். இரண்டாம் நாள் பங்கும் அதோடு சேர்ந்துகொண்டது. மாமியார் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்த்தார், முடியவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நான் மலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே புளித்த நாற்றம் வாசல்வரைக்கும் வந்தது. "இன்னாடி இது, இவ்ளோ மீந்துகினு கெடக்குது" என்று மாமியார் பானையைக் காட்டினார்.

"அது உங்க புள்ள பங்குங்க அத்த. அவரையே துன்னச் சொல்லுங்க" என்றேன்.

மாமியார் மகனைப் பார்த்தார். மகன் தட்டைப் பார்த்தார். தட்டில் எலுமிச்சை பிழிந்த கினோவா, வேர்க்கடலை தூக்கலாக. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் நான் எழுந்துவந்தபோது மாமியாரே டிரம்முக்கு முன்னால் இருந்தார். ஓர் ஆழாக்கு அரிசியை அள்ளிப் பாத்திரத்தில் போட்டார். அவருடையது. மூடியைப் போட்டார். எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கை நடுங்கவில்லை, கண் கலங்கவில்லை, சாமி படத்துப் பக்கம்கூட ஒரு தடவை திரும்பவில்லை. காரியம் முடிந்த வீட்டில்தான் ஆழாக்கு குறையும் என்று சொன்ன வாய் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தின்ன ஒருத்தி இருந்தவரைக்கும் அது சாஸ்திரமாக இருந்தது. அவள் மாட்டேன் என்றதும் மூன்றே நாளில் அது வெறும் மீந்த சோறு ஆகிவிட்டது. ஒன்றரை வருஷம், இரண்டு வேளை, நான் அதைத் தின்றேன்.

என் வீட்டுக்காரர் அன்றைக்குக் காப்பி குடித்துவிட்டு மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டப் போனார். மதியம் வந்தார், குளித்தார், சாப்பிட்டார், ஃபேனைப் போட்டுப் படுத்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றுவரை நன்றாக இருக்கிறார், நன்றாக இருக்கட்டும். என் புண்ணும் ஒரு வழியாக ஆறிவிட்டது. விரலை எடுக்க வேண்டி வரவில்லை. அந்த இரண்டு விரலை மட்டும் யார் தொட்டாலும் எனக்குத் தெரிவதில்லை.